கல்குடா முதல் அறுகம்குடா வரை: கிணறுகளை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் கையெழுத்தானதும் இலங்கையின் கிழக்குக் கரைக்குப் பயணிகள் திரும்பி வரத் தொடங்கினார்கள். நிலாவெளி, பாசிக்குடா, கல்லடி, பொத்துவில், அறுகம்குடா என்று கரையோடு கரையாக விடுமுறைக்கு வந்துபோன தம்பதிகளில் நாங்களும் ஒரு சோடி. கிணறும் நிலத்தடி நீரும் எங்கள் இருவருக்கும் தொழில். ஆகவே அந்தக் கரையில் எங்களை அதிகம் வியக்க வைத்தவை அலையும் மணலும் அல்ல. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மூன்று நான்கு மீற்றர் ஆழத்தில், கரிப்பே தெரியாத தண்ணீர் ஊறிக்கொண்டிருந்த வீட்டுக் கிணறுகள்தான்.

2004 டிசம்பர் 26, பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை, கடல் சுனாமியாக எழும்பி அந்தக் கிணறுகளுக்குள் இறங்கியது. அதன் பிறகு அவற்றைத் திரும்பக் குடிநீர்க் கிணறுகளாக்கியவர்களுக்கு எழுதும் நன்றி மடல் இது. உங்களில் பெரும்பாலானோரின் பெயர் எந்த அறிக்கையிலும் வரவில்லை. நீங்கள் செய்த வேலையைச் சரியாக எழுதி வைப்பதே நன்றி சொல்லும் முறை என்று நினைக்கிறோம்.

முதலில், உயிர்களைக் காத்தவர்களுக்கு. சுமாத்திராவுக்கு அப்பால் காலை ஏழு மணியளவில் நிலம் குலுங்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் அலை கிழக்குக் கரையைத் தொட்டுவிட்டது. தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது, பிறகு பாய்ந்தது. இங்கே தண்ணீர் முதலில் ஏறித்தான் வந்தது. உள்வாங்கியது அதற்குப் பிறகு. அந்த இடைவெளியில் வெறிச்சோடிய கடற்படுகையைப் பார்க்கப் போகாதீர்கள் என்று கத்திக் கத்திப் பிள்ளைகளை இழுத்து வந்தவர்களுக்கும், கரைக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த நாவலடி போன்ற இடங்களில் தோணியைத் திருப்பி ஆட்களை ஏற்றியவர்களுக்கும் நன்றி. நாடு முழுவதும் 35,000க்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் இழந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று தப்பி வந்தவர்களுக்குச் சம்மாந்துறையும் அதற்கு அப்பாலுள்ள ஊர்களும் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டன. சோற்றுப் பார்சல் கட்டியவர்கள் வருகிறவர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று கேட்கவில்லை. மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் அடைக்கலம் தந்த குடும்பங்களையும் இங்கே வணங்குகிறோம்.

அடுத்து, தண்ணீர் கொண்டுவரும் தாங்கி லொறிகளான பவுசர்களை ஓட்டியவர்களுக்கு. அவசரகாலத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் என்பது உதவி அமைப்புகள் வைத்திருக்கும் அடிப்படைக் கணக்கு. 10,000 லீற்றர் பவுசர் ஒன்று முழுதாக வந்தாலும் 660 பேருக்குத்தான் காணும். ஓர் ஊருக்கு எத்தனை ஓட்டம் வேண்டும் என்பதை இதை வைத்தே கணித்துக்கொள்ளலாம், அதுவும் பாலங்கள் உடைந்து வீதி பிளந்து கிடந்த நாட்களில். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஊழியர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், முகாம்களில் கறுப்புத் தாங்கிகளைத் தினமும் கழுவி நிரப்பிய இளைஞர்கள் ஆகியோரின் கவனம் பெரிது. தாங்கியில் ஊற்றும்போது போதிய குளோரின் இருந்தாலும் வெயிலில் சூடேற ஏற அது குறைந்துகொண்டே போகும். ஆகவே குழாயடியில் பிடித்த தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும். லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவில் அங்கே மிஞ்சியிருந்தால் நல்லது. அதை நிறத்தாளை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் நீங்கள். பெரிய தொற்றுநோய் எதுவும் முகாம்களில் பரவவில்லை. அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை எங்களைப் போன்ற தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இனிக் கிணறு. இங்கேதான் கொஞ்சம் நின்று எழுத வேண்டும்.

அலை வந்தது மாரி காலத்தில். நிலத்தடி நீர் மேலேறி நின்ற நேரம். கடல் நீர் இரண்டு வழியாக உள்ளே போனது. ஒன்று, கிணற்றுக் கட்டைத் தாண்டி நேராக உள்ளே விழுந்தது. மற்றது, காணிகளில் தேங்கி மணல் வழியாக மெல்ல இறங்கியது. முதலாவதை இறைத்து அகற்றலாம். இரண்டாவதை இறைக்க முடியாது, ஏனென்றால் அது கிணற்றில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. அதோடு சேறு, உடைந்த மலசலகூடக் குழிகளின் அழுக்கு, படகு எண்ணெய், செத்த பிராணிகள். ஆட்கள் அருவருத்துப் பயந்ததில் நியாயம் இருந்தது.

உதவ வந்த பலரும் ஆளுக்கொரு நீர் இறைக்கும் மெசினோடு வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஒரு குழு இறைத்துவிட்டுப் போன கிணற்றை அடுத்த கிழமை இன்னொரு குழு இறைத்தது. சில கிணறுகளில் உப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. சில கிணறுகளின் சுவர் உள்ளே சரிந்தது. இதற்குக் காரணம் இருக்கிறது. கரையோர மணலில் மழைநீர் லென்ஸ் வடிவான ஒரு வில்லையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 10 சென்ரிமீற்றர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 4 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கு. மேலே சிறிதளவு இறக்கினால் கீழே உப்பு பல மடங்கு ஏறி வரும். கடும் வேகத்தில் இறைத்தால் கிணற்றின் நேர் கீழே அது கூம்பாக எழும்பும். சுவர் சரிவதற்கும் அதே வேகம்தான் காரணம். உள்ளே தண்ணீர் சட்டென்று இறங்க, வெளியே ஈரமணல் முழுப் பாரத்தோடு கிணற்றுச் சுவரின் வளையங்களைத் தள்ளும், அடியிலிருந்து மணல் பொங்கி வரும்.

"ஒருமுறை துப்புரவாக்கினால் போதும், பிறகு இறைக்காதீர்கள், மழைக்கு விடுங்கள்" என்று சொன்னவர்களுக்கு எங்கள் நன்றி தனியானது. கிழக்குப் பல்கலைக்கழகத்தாரும், பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும், சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தாரும் அதைச் சொன்னார்கள். கைகட்டி நில்லுங்கள் என்று அந்த நாட்களில் சொல்வது இலேசான காரியம் அல்ல. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில் எல்லோரும் இருந்தார்கள். ஆனாலும் நீங்கள் உப்பை அளக்கும் பேனை அளவான மீற்றரோடு வீடு வீடாகப் போய், அதே கிணறுகளுக்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய், அளந்து காட்டினீர்கள். உப்பு கூடக் கூடத் தண்ணீரின் மின்கடத்துதிறனும் கூடும். கடல் நீரில் அது சென்ரிமீற்றருக்கு 50,000 மைக்ரோசீமன்ஸ் அளவில் இருக்கும். குடிக்கக்கூடிய கிணறு ஆயிரத்தைச் சுற்றி நிற்கும். ஒரே கிணற்றில் மேலே ஒன்றும் அடியில் அதைவிடப் பெரியதுமாக இரண்டு எண்கள் வரும், உப்புநீர் பாரம் கூடியது என்பதால். வாளியை மேலாக முக்கி அள்ளுங்கள், மெசின் குழாயின் உறிஞ்சும் நுனியிலுள்ள புட் வால்வை அடியில் போடாதீர்கள் என்று நீங்கள் சொன்னது அதனால்தான்.

துப்புரவாக்கும் வேலையை முறையாகச் செய்தவர்களுக்கும் நன்றி. அந்த முறை மறந்துபோகக் கூடாது. முதலில் மிதப்பவற்றை அகற்றி, மெசினை மேலே வைத்து மெதுவாக இறைக்க வேண்டும். பெற்றோல் மெசினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. அதன் புகை கீழே தங்கும், இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். இறங்குபவரின் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர் என்பது கட்டாயம். இறைத்த உப்புநீரைக் கிணற்றடியிலேயே விட்டால் அது மணல் வழியாக அதே கிணற்றுக்குத் திரும்பும். நீளமான குழாய் போட்டு, கடல் பக்கச் சரிவில் கொண்டுபோய் விட்டவர்கள் விடயம் தெரிந்தவர்கள். அடிச் சேற்றை வாளியால் அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கழுவிய சரளைக்கல் போட்டால் மணல் பொங்குவது அடங்கும்.

பிறகு குளோரின். விட்டத்தின் பாதியை அதே பாதியால் பெருக்கி, அதை 3.14 ஆலும் தண்ணீரின் உயரத்தாலும் பெருக்கினால் கன அளவு வரும். 1.2 மீற்றர் விட்டமான கிணற்றில் ஒரு மீற்றர் தண்ணீர் நின்றால் சுமார் 1,130 லீற்றர். ரி.சி.எல். எனப்படும் வெளிற்றும் தூளில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்று வைத்தால் ஆயிரம் லீற்றருக்கு 150 கிராம், அதாவது இந்தக் கிணற்றுக்கு 170 கிராம். அது லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஆகும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, தெளிந்த நீரைச் சுவரைச் சுற்றி ஊற்ற வேண்டும். வாளியால் கலக்கி, ஓர் இரவு விட்டு, மறுநாள் மணம் போகும்வரை மெதுவாக அள்ளி எடுக்க வேண்டும். திறந்த பையில் ஈரம் பட்டுக் கிடந்த தூள் வலு இழந்திருக்கும். அளவு சரியாக இருந்தும் மணமே வரவில்லை என்றால் தூளைத்தான் சந்தேகிக்க வேண்டும். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை ஒன்றும் செய்யாது. காய்ச்சினாலும் உப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். இதை முகாம் முகாமாகப் பொறுமையாக விளக்கிய குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும், தொண்டர் பெண்களுக்கும் நன்றி. துப்புரவாக்கிய திகதியைக் கிணற்றுக் கட்டில் எழுதி வைத்தவர்களுக்கும் நன்றி. அந்தச் சின்ன எழுத்து இன்னொரு மெசினை வாசலோடு திருப்பி அனுப்பியது.

கிழக்கில் வருட மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் பெய்துவிடும். அலைக்குப் பின்னான ஜனவரி மழையும், அடுத்து வந்த மாரியும்தான் நிலத்திலிருந்த உப்பைக் கழுவிக் கடலுக்கே தள்ளின. மழை செய்த வேலை அது. ஆனால் மழை வேலை செய்வதற்கு இடம் விட்டவர்கள் வீட்டுக்காரர்கள். சொந்தக் கிணறு இருந்தும் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கியடியில் வரிசையில் நின்று, குடிக்கப் பவுசர் தண்ணீரும் உடுப்புத் தோய்க்கக் கிணற்றுத் தண்ணீருமாகப் பிரித்துப் புழங்கி, கிணற்றை ஓய விட்ட அம்மாக்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? மீற்றர் காட்டும் எண்ணைவிட உங்கள் நாக்கு நுட்பமானது. தேநீரில் வித்தியாசம் தெரிகிறது, பருப்பு அவியவில்லை என்று நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்ட ஆய்வாளர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

எண் இறங்கிய பிறகும் பலர் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கத் தயங்கினார்கள். உப்பு போனாலும், என்னென்ன மிதந்த தண்ணீர் என்ற நினைப்பு போகவில்லை. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று எழுதிய குறிப்புகளை வாசித்திருக்கிறோம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் ஊர் தன் இறந்தவர்களை அப்படித்தான் நினைக்கும். அவசரப்படுத்தாமல், சோதனை முடிவைக் கையில் கொடுத்து, முடிவை அவர்களிடமே விட்ட சுகாதாரப் பரிசோதகர்களை மதிக்கிறோம்.

இன்று உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாய் வழியே மட்டக்களப்புக்கு வருகிறது. அறுகம்குடாவில் புதுப்பாலம் நிற்கிறது. ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் இளம் தம்பதிகள் மறுபடி வருகிறார்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நடுக்கம் வந்தபோது எச்சரிக்கை கரையை எட்டியது, ஆட்கள் உள்ளே நகர்ந்தார்கள், ஆபத்தான அலை வரவில்லை. விடுமுறைக்கு வருபவர்களிடம் ஒன்று கேட்கிறோம். தங்கும் இடத்தில் அறை எடுத்ததும், உள்நாட்டுப் பக்கம் போகும் வழி பாலத்தைத் தாண்டுகிறதா என்று விசாரியுங்கள். கரைக்குப் பின்னால் வாவி கிடக்கும் இந்த ஊர்களில், பாலம் தொலைவு என்றால் உறுதியான கொங்கிறீற் மாடிதான் அருகிலுள்ள உயரம். கிணற்றுத் தண்ணீர் தருகிற வீடுகளில் அளவாகப் புழங்குங்கள். ஹோட்டல் நடத்துபவர்கள் ஆழ்துளை போட்டுப் பெரிய மெசினால் இழுக்கும் முன், அந்த நாற்பதுக்கு ஒன்று கணக்கைப் பக்கத்து வீட்டுக் கிணற்றோடு சேர்த்துப் பாருங்கள். புயல் அலையோ வெள்ளமோ மறுபடி கிணற்றில் ஏறினால், மெசினைக் கூப்பிடும் முன் பகுதிச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு, மேல்மட்டத்திலும் அடியிலும் உப்பை அளக்கச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் கிணறுகளில் தண்ணீர் குடித்த கணவனும் மனைவியும்