கைப்பேசியில் இயங்கும் கருவிகளை இனி நாங்களே இணைத்துத் தருகிறோம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியிலுள்ள எங்கள் கடைக்குப் பழுது என்று திரும்பி வந்த வைஃபை ஸ்விட்சுகளையும் மோட்டார் ஸ்டார்ட்டர்களையும் சோதித்துப் பார்த்ததில், பெரும்பாலானவற்றில் பழுது ஏதும் இல்லை. கைப்பேசியோடு முதல்முறை இணைப்பதில்தான் சிக்கல் இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாள் எறும்பு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும்போது உங்களைக் குறை சொல்ல வழியில்லை.

வீட்டில் அடிக்கடி நேர்வது இதுதான்: ஸ்விட்சில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடித்திருப்பீர்கள், ஆனாலும் இணைப்புக் கிடைக்காது. இன்றைய மோடம்கள் பல 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளை ஒரே பெயரில் தருகின்றன. இவ்வகை ஸ்விட்சுகளில் பெரும்பாலானவையோ, விலை குறைவு என்பதாலும் சுவர் தாண்டிக் கூடுதல் தூரம் எட்டும் என்பதாலும், 2.4-ஐ மட்டுமே அறியும். மோடத்தில் 5-ஐச் சற்று நேரம் நிறுத்திவைத்து, ஸ்விட்சை இணைத்தபின் மறுபடி திறந்துவிடலாம்.

வயலிலுள்ள மோட்டார் கொட்டகைக்கு வைஃபை எட்டாது. அங்கே சிம் போடும் ஸ்டார்ட்டர்தான். 2ஜி மட்டுமே அறிந்த ஸ்டார்ட்டரில் 4ஜி மட்டும் தரும் சிம்மைப் போட்டால், எத்தனை முறை ரீசார்ஜ் செய்தாலும் அது வேலை செய்யாது.

எங்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எங்கள் ஊழியர் தம் கைப்பேசி எண்ணிலேயே சிலருக்குக் கருவியின் ஆப்பில் கணக்குத் தொடங்கிவிட்டார். பிறகு புதுக் கைப்பேசி வாங்கிய ஒருவர், தம் வயல் மோட்டாரைப் போடுவதற்கு, வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்ட அந்த ஊழியரிடம் ஓடிபி கேட்க வேண்டியதாயிற்று. அதற்காக வருந்துகிறோம்.

ஆகவே இந்தக் குறுவை முதல், சிம்மைச் சோதித்து, உங்கள் எண்ணிலேயே கணக்குத் தொடங்கி, உங்கள் கையாலேயே இருமுறை போட்டு நிறுத்திப் பார்த்தபின்தான் கருவியைக் கட்டித் தருவோம். தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் உடன் வரும். பழைய வாடிக்கையாளர்களுக்குக் கணக்கை மாற்றித் தரக் கட்டணம் இல்லை.

வீட்டு ஸ்விட்சுகளில், விலை சற்றுக் கூடினாலும், 2022 அக்டோபரில் வெளியான, பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் பொதுவான ‘மேட்டர்’ என்ற இணைப்பு நெறியின் முத்திரை உள்ளதையே பரிந்துரைக்கிறோம். க்யூஆர் கோடைக் காட்டினாலோ, பெரும்பாலும் 11 இலக்கங்கள் கொண்ட எண்ணை அடித்தாலோ, அந்நெறியை ஏற்கும் எந்த ஆப்பிலும் அது சேர்ந்துகொள்ளும். அந்த எண்ணுள்ள அட்டையை ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள்.

ஸ்டார்ட்டர் வாங்க வரும்போது, மோட்டாரை அன்றாடம் போடுகிறவரையே அவருடைய கைப்பேசியோடு அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். மகனின் கைப்பேசியில் இணைத்துக் கொடுத்தால், அவர் சென்னைக்குப் பஸ் ஏறியதும் மோட்டாரும் அவரோடு போய்விடுகிறது.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தார்