வாசிகசாலைக் கூரைக்காக ஊர் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள்

பிள்ளையார் துணை

அன்பார்ந்த ஊர் உறவுகளே,

ஆனி மாதம் எங்கள் வாசிகசாலையின் கூரை ஓடுகளை இறக்கிவிட்டோம். இப்போது சுவருக்கு மேலே நீலத் தறப்பாள்தான் கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மட்டும் அது தாங்கும். ஐப்பசியில் வாடை திரும்பி மழை இறங்கினால் தாங்காது. அறுபது வருடத்துக்கு மேல் நின்ற கற்சுவர் தலைவழியே நனைந்து, உள்ளே இருக்கும் சாந்து கரையத் தொடங்கும். அதனால் புரட்டாதி முடிவதற்குள் கூரை ஏற வேண்டும். அதற்கு இன்னும் 17,45,000 ரூபா வேண்டும்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முழு வேலைக்கும் 46,80,000 ரூபா. கூரை மரத்துக்கு 14,20,000. ஓட்டுக்கும் முகட்டோட்டுக்கும் 6,85,000. சுவரில் பூசிய சீமெந்தை உரித்துச் சுண்ணாம்புச் சாந்து பூச 9,60,000. மேசன்மாருக்கும் தச்சருக்கும் கூலி 11,75,000. கதவு, யன்னல், மின் வேலைக்கு 4,40,000. இதுவரை வங்கியில் சேர்ந்தது 29,35,000.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதனால் ஒளிக்காமல் எழுதுகிறோம். ஓட்டை விட்டுவிட்டு இரும்புச் சட்டத்தில் தகரச் சீற் போட்டு, விறாந்தைத் தூண்களை இடித்து முன்பக்கத்தை இரண்டு கடையாக அடைத்தால் 28 இலட்சத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்று ஒரு ஒப்பந்தக்காரர் எழுத்திலேயே தந்தார். கையில் இருக்கிற காசே காணும். கடை வாடகையும் வரும். பிறகு ஏன் ஊர் ஊராகக் கை நீட்டுகிறீர்கள்?

இந்தக் கடிதம் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

எங்கள் வாசிகசாலையின் கதையைச் சொல்ல வேண்டுமானால் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த நூலகமும் ஒரு வேண்டுகோளில்தான் தொடங்கியது. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர், யாழ்ப்பாணத்துக்கு ஓர் இலவசத் தமிழ் நூலகம் வேண்டும் என்று ஊராரைக் கேட்டு எழுதினார். சேர்ந்தது ஆயிரத்துச் சொச்சம் ரூபாவும் 844 புத்தகங்களும். அதை வைத்துக்கொண்டு 1934 ஓகஸ்டில் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வாடகை அறையில் நூலகத்தைத் திறந்தார்கள். அந்த ஓர் அறைதான் இருபது வருடத்தில் இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு வழி காட்டியது. 1954 மார்ச் 29இல் அத்திவாரக் கல் வைத்தார்கள். பத்திரிசியார் கல்லூரி லோங் அடிகளார் அதற்காக ஓடித் திரிந்தார். நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை தந்தார். கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். வெள்ளைச் சுவர், நடுவிலே குவிமாடம், வாசலில் சரசுவதி என்று திராவிடச் சாயலில் வரைந்தார். படிக்க வருகிறவன் கோயிலுக்கு வருவதுபோலப் படி ஏற வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

1959 ஒக்டோபர் 11இல் அது திறக்கப்பட்டபோது எங்கள் ஊரிலிருந்து ஒரு வஸ் நிறைய ஆட்கள் போனார்கள். போய்வந்தவர்கள் அன்றிரவே பிள்ளையார் கோயில் வீதியில் கூடிப் பேசினார்கள். பட்டணத்தில் அவ்வளவு பெரிது வந்துவிட்டது, ஊருக்குச் சின்னதாக ஒன்று வேண்டாமா? மூன்று வருடத்தில் கட்டி முடித்துவிட்டார்கள்.

எப்படிக் கட்டினார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ஒரு பெரியவர் தெருவோரக் காணியில் இரண்டு பரப்பை எழுதித் தந்தார். தோட்டக்காரர்கள் அந்த வருடம் புகையிலை விற்ற காசில் பங்கு தந்தார்கள். பெண்கள் ஒவ்வொரு நாளும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசியை விற்ற காசில்தான் விறாந்தைத் தூண்கள் எழுந்தன. பனந்தோப்பு வைத்திருந்தவர்கள் முற்றிய மரமாகப் பார்த்துத் தறித்துத் தந்தார்கள். வண்டிக்காரர் கூலி வாங்காமல் கல் பறித்தார்கள். வரைபடம் போட ஆள் இல்லை. மேசன் ஒருவர் மண்ணிலே கோடு கீறிக் காட்டினார், அதுதான் வரைபடம்.

ஆனால் அந்தக் கோட்டில் எவ்வளவு யோசனை இருந்தது என்பது இப்போது ஓட்டைப் பிரித்த பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. சுவர் ஒன்றரை அடித் தடிப்பு, எங்கள் மண்ணில் கிண்டி எடுத்த சுண்ணாம்புக் கல். அப்போது காங்கேசன்துறைச் சீமெந்து கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. இருந்தும் சீமெந்தை நிலத்துக்கு மட்டும் போட்டு, சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே பூசியிருக்கிறார்கள். கூரைக்கு வைரம் பாய்ந்த கறுப்புப் பனை. அதன் மேல் கள்ளிக்கோட்டை ஓடு. சூடான காற்று மேலே போய் ஓட்டிடுக்கால் வெளியேறிவிடும். தாழ்வாரம் சுவரைத் தாண்டி மூன்றடி இறங்கி நிற்பதால் மத்தியான வெயில் சுவரில் படாது. தென்மேற்கில் பெரிய யன்னல், சோளகத்துக்கு. வடகிழக்கில் சின்ன யன்னல், வாடை மழை உள்ளே அடிக்காமல் இருக்க. சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் அங்கே பேப்பர் படித்தவர்கள் உங்களிலும் பலர் இருக்கிறீர்கள்.

அப்புறம் விறாந்தை. எட்டடி அகலம், ஆறு உருண்டைத் தூண், தெருவைப் பார்த்தபடி. அதற்குக் கதவும் இல்லை, படலையும் இல்லை. வாசிகசாலையைப் பூட்டிய பிறகும் அன்றைய பேப்பர் அங்கேயே மேசையில் கிடக்கும். யாரும் ஏறி உட்காரலாம், யாரும் எடுத்துப் படிக்கலாம். 1962இல் எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. யார் எந்தத் திண்ணையில் உட்காரலாம், யார் முற்றத்தோடு நிற்க வேண்டும் என்று பார்த்த காலம் அது. பெரியவர்கள் இதற்காகக் கூட்டம் போட்டுப் பிரகடனம் செய்யவில்லை. கதவு வைக்காமல் கட்டினார்கள், அவ்வளவுதான்.

அதுவும் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. வழியால் போகிறவனுக்கு நிழல் தருகிற கட்டடம் எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தெருவின் இரண்டு பக்கமும் திண்ணை, கல்தூண், நடுவிலே தெருவையே மூடிக்கொண்டு கூரை. வண்டியும் மனிதரும் அந்தக் கட்டடத்துக்குள்ளால்தான் போகிறார்கள். பழைய வீடுகளின் சங்கடப்படலையும் அப்படித்தான். படலைக்கு மேலே ஒரு சின்னக் கூரை, கீழே உட்கார இடம், பக்கத்தில் தண்ணீர். அந்த நிழல் வீட்டுக்காரருக்கு அல்ல, தெருவில் போகிறவருக்கு. எங்கள் விறாந்தை அந்த வரிசையில் வந்தது. அதை அடைத்துக் கடையாக்கினால் வாடகை வரும், மறுக்கவில்லை. ஆனால் பிடியரிசியில் எழுந்த தூணை இடித்துத்தான் அந்த வாடகையை வாங்க வேண்டும். அதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை. பொதுக்கூட்டத்தில் கேட்டோம், ஊரும் வேண்டாம் என்றே சொன்னது.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 1981 மே 31 இரவு பட்டணத்தில் நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள், அவற்றோடு ஏடுகள். எரிவதைப் பார்த்த தமிழறிஞர் தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார். அடுத்த நாள் எங்கள் வாசிகசாலையில் பேப்பர் படிக்க வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை என்று மூத்தவர்கள் சொல்வார்கள். 1995இல் போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது எங்கள் ஊரும் வெறிச்சோடியது. திரும்பி வந்து பார்க்கையில் ஓட்டில் பாதி இல்லை, கதவு நிலை இல்லை, கிழக்கு மூலையில் செல் விழுந்த ஓட்டை. புத்தக அலுமாரி இருந்த இடத்தில் செடி முளைத்திருந்தது.

அப்போது கைகொடுத்தவர்களுக்கு இன்றும் நன்றி சொல்லி முடியவில்லை. தன் மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த மரத்தில் இரண்டு நிலை செய்து தந்த தச்சர் ஐயா. கனடாவில் இரண்டு வேலை செய்துகொண்டு மாதம் தவறாமல் ஐம்பது டொலர் அனுப்பிய தம்பி. அவருக்கு இப்போது நரை விழுந்துவிட்டது, இன்னும் அனுப்புகிறார். சந்தையில் மீன் விற்கும் அக்கா வருடா வருடம் தைப்பொங்கலுக்கு முதல் நாள் வந்து, தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தன் பெயரில் பற்றுச்சீட்டு வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குங்கோ என்று ஆயிரம் ரூபா தந்துவிட்டுப் போவார். சுவிஸிலிருந்து இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் அனுப்பிய குடும்பம். ஓய்வூதியத்தில் பங்கு தந்த மூன்று ஆசிரியர்கள். இந்த வருடம் 29 இலட்சத்தைச் சேர்த்ததும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான். அவர்களிடமே மறுபடி கேட்க எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பழைய திருத்த வேலையில் அவசரத்தில் ஒரு பிழையும் நடந்தது. சுவரின் கீழ்ப் பகுதிக்குச் சீமெந்து பூசிவிட்டார்கள். அன்று அது உறுதியாகத் தெரிந்தது. இன்று பூச்சு முழுவதும் உப்புப் பூத்து, கைவைத்தால் பாளம் பாளமாக விழுகிறது. எண்பது வயது மேசன் ஐயா ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பியவை, சீமெந்தை உரிச்சு எடுங்கோ. கல் தண்ணி குடிக்கும். குடிச்ச தண்ணி வெளியில போக வழி விட வேணும்.” சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சீமெந்து உள்ளே அடைத்துவிடும். 9,60,000 ரூபா அந்த வேலைக்குத்தான். இளம் பெடியள் நாலு பேர் அவரிடம் சாந்து குழைக்கப் பழகுகிறார்கள். அவருக்குப் பிறகு இந்த வேலை தெரிந்த கை எங்கள் ஊரில் வேறு இல்லை.

பட்டண நூலகத்தையும் நினைத்துப் பாருங்கள். எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவாக விட வேண்டும் என்று ஒரு பக்கம் பேச்சு இருந்தது. கடைசியில் பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுந்தது. அதே வெள்ளை, அதே குவிமாடம். பார்த்த கண்ணுக்கு அடையாளம் தெரிகிறது. எங்கள் பிள்ளைகளும் தங்கள் தாத்தா படித்த கட்டடத்தை அடையாளம் காண வேண்டும்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் கோயில் கோபுர வேலைக்கு இந்த ஊர் இரண்டு கிழமையில் காசு சேர்த்தது. அவனுக்குச் செய்ததில் ஒரு சதமும் வீண் இல்லை. ஆனால் எழுத்தைத் தொடங்கும்போது பிள்ளையார் சுழிதானே போடுகிறோம்? அவன் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் இடம் தறப்பாளுக்குக் கீழே கிடப்பது அவனுக்கும் உவப்பாக இராது. சித்திரையில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்னவர்கள் உண்டு. அப்படிச் சொல்லி இன்னும் வராத காசு மட்டும் 6,20,000 ரூபா. பெயர்கள் குழுவின் கொப்பியில் இருக்கின்றன, வெளியில் போடமாட்டோம். உங்களுக்கே நினைவிருக்கும். அது வந்தால் மிச்சம் 11,25,000தான்.

வாசிகசாலையில் படித்து வேலைக்குப் போனவர்கள், சோதினைக்கு அங்கே இருந்து விடிய விடியப் படித்தவர்கள், அந்த விறாந்தையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லோரும் இதை உங்கள் கடமையாக நினைத்துத் தாருங்கள். ஓர் ஓடு 180 ரூபா. கூரைக்குப் போடும் ஒரு பனைவளை 9,500 ரூபா. நூறு ஓட்டுக்குத் தந்தாலும் சரி, ஒரு வளைக்குத் தந்தாலும் சரி. பனை தறிக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஆவணி முடிவுக்குள் முற்பணம் கட்டினால்தான் தச்சர் இதே விலைக்கு மரம் தருவார். காசாகத் தர முடியாதவர்கள் ஓடு சுமக்க, சாந்து குழைக்க, வேலையாட்களுக்கு மத்தியானச் சோறு கொடுக்க வரலாம். பழைய ஓட்டில் நல்லதாக 1,100 பிரித்து அடுக்கியிருக்கிறோம், அதைப் பாசி கழுவிச் சுத்தம் செய்யவும் ஆள் வேண்டும்.

தரும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு உண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலைப் பூசை முடிந்ததும் கோயில் மணிக்கூண்டடியில் அந்தக் கிழமைக் கணக்கை வாசிக்கிறோம். வெளிநாட்டு உறவுகளுக்கு அதையே குரல் பதிவாக அனுப்புகிறோம். முதல் வளையை ஆவணிச் சதுர்த்தியன்று ஏற்ற நாள் பார்த்திருக்கிறோம், ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் காலை ஆறு மணிக்கு வாசிகசாலையடிக்கு வந்துவிடுங்கள்.

இங்ஙனம்,
வாசிகசாலைப் புதுப்பிப்புக் குழுவினர்