தலையில எப்படி அடிபட்டுச்சுனு கேக்குறப்ப வீட்டையும் சேத்து கேளுங்க

முன்னாள் ராணுவத்தினருக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், அந்த ஆஸ்பத்திரிகள நடத்துற அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தூக்கமே இல்ல, தலைவலி, மறதி, சின்ன சத்தம் கேட்டாலும் தூக்கிவாரிப் போடுதுனு ஒருத்தர் வந்தா நீங்க முதல்ல புரட்டுறது அவங்களோட சர்வீஸ் ரெக்கார்ட. எங்க போஸ்டிங், சண்டையில இருந்தாங்களா, பக்கத்துல குண்டு வெடிச்சுதா, வண்டி கவுந்துச்சா. கேக்க வேண்டிய கேள்விதான், தப்பே சொல்லல. ஆனா அதோட நிறுத்திடுறீங்க. வீட்டுல யாராவது தலைய சுவத்துல மோதினாங்களா, கழுத்த நெரிச்சாங்களானு பல இடத்துல யாருமே கேக்குறதில்ல. கேக்காததால வீட்டுல வாங்கின அடி போர்க் கணக்குல எழுதப்படுது, அந்த ஆள் மாத்திரை சீட்டோட அடிக்கிறவங்க கிட்டயே திரும்பிப் போறாங்க. இத சொல்லத்தான் இந்த மடல்.

இது எங்கயோ ஒண்ணு ரெண்டு வீட்டுல நடக்கிற விஷயம் இல்ல. அமெரிக்காவுல 2011ல வந்த ஒரு ஆய்வுல, ராணுவத்துல இருந்த பெண்கள்ல 33 சதவீதம் பேர் வாழ்க்கையில எப்பவாவது துணை கிட்ட வன்முறைய அனுபவிச்சிருந்தாங்க, ராணுவத்துல இல்லாத பெண்கள்ல அது 24 சதவீதம் கிட்ட. துப்பாக்கி பிடிச்ச பொண்ணு எப்படி வீட்டுல அடி வாங்குவானு கேக்குறவங்கள நிறைய பாத்திருக்கேன், அந்த கேள்விதான் அவங்க வாய அடைக்குது. ஆம்பளைங்க நிலைமை இன்னும் மோசம், பொண்டாட்டி அடிச்சான்னு ஒரு எக்ஸ் சர்வீஸ்மேன் வாய்விட்டு சொல்றதுக்கு எவ்வளவு நாள் ஆகும்னு நெனச்சுப் பாருங்க.

உடம்புக்கு என்ன ஆகுதுனு உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரல, ஆனா கழுத்த நெரிக்கிறத பத்தி மட்டும் சொல்லியே ஆகணும். பல பேருக்கு வெளிய ஒரு கீறல் கூட இருக்காது. குரல் கம்மிப் போயிருக்கும், எச்சில் முழுங்க கஷ்டமா இருக்கும், கண்ணுல சின்னச் சின்ன ரத்தப் புள்ளி தெரியலாம், அவ்வளவுதான், சளி பிடிச்சிருக்குனு சொன்னா நம்பிடுவீங்க. உள்ள கழுத்து ரத்தக் குழாய் கிழிஞ்சிருந்தா சில நாள் கழிச்சு கூட ஸ்ட்ரோக் வரலாம். மூளைக்கு ரத்தம் போறது நின்னா சில நொடியில நினைவு போயிடும், அப்படி திரும்பத் திரும்ப நடந்தா மறதி, கவனக் குறைவு, மூட் மாறுறதுனு வரும், பாத்தா அப்படியே குண்டுவெடிப்புல பட்ட தலைக்காயம் மாதிரியே இருக்கும். இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. துணை ஒரு தடவ கழுத்த நெரிச்சிருந்தா, பின்னால அந்த ஆள் கையாலயே கொல்லப்படுற ஆபத்து ஏழு மடங்குக்கு மேலனு 2008ல வந்த ஆய்வு சொல்லுது. வீட்டுல துப்பாக்கி இருக்கானும் சேத்து கேளுங்க, அடிக்கிறவன் கைக்கு துப்பாக்கி எட்டுற தூரத்துல இருந்தா கொலை ஆபத்து அஞ்சு மடங்கு கிட்ட கூடுதுனு 2003லயே எழுதியாச்சு.

மத்தபடி தீராத முதுகுவலி, வயித்துக் கோளாறு, அடிவயித்து வலி, டிப்ரஷன், குடி, தற்கொலை எண்ணம், இதெல்லாம் துணையோட வன்முறையால வர்றதும்தான். பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசுல தங்கிப் போற பாதிப்பு, அது கூட அப்படித்தான். போர்ல வந்த பிடிஎஸ்டி இருக்குறவங்களுக்கு வீட்டுலயும் தினம் பயம்னா அது எப்படி ஆறும், நீங்க எத்தன மருந்து மாத்தினாலும்?

அவங்களா ஏன் சொல்ல மாட்டேங்குறாங்கனு கேட்டா, முதல்ல உங்க பார்ம பாருங்க. ஊனத்துக்கான பென்ஷன் சர்வீஸ்ல வந்த பாதிப்பானு பாத்துதான் முடிவாகுது, அப்ப வீட்டுல பட்ட அடினு சொன்னா உள்ளதும் போயிடுமோங்கற பயம் வரும்ல? ரெண்டாவது, கூட யார் வர்றாங்கனு பாருங்க. பார்த்துக்கிறவர்னு உங்க பைல்ல பேர் இருக்குற ஆளே அடிக்கிற ஆளா இருக்கலாம். மாத்திரை அவர் கையில, ஏடிஎம் கார்டு அவர் கையில, ஆன்லைன் ரிப்போர்ட்டோட பாஸ்வேர்டும் அவர் கிட்ட. ரூம்ல நீங்க கேக்குற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்லிட்டு, "இவளுக்கு மறதி ஜாஸ்தி டாக்டர், நான் சொல்றத எழுதிக்கோங்க"னு சிரிச்சுட்டே சொல்வார். நீங்களும் எழுதிப்பீங்க.

அடிக்கிறவரே முன்னாள் ராணுவத்துக்காரரா இருக்குற வீடுகளும் நிறைய. அங்க பிடிஎஸ்டி பாவம்னு விட்டுடுறது பெரிய தப்பு. அந்த நோய் இருக்குற பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கிறதில்ல, அவங்க மேல பழி போடுற மாதிரி ஆயிடும். அடிக்கிறவங்களுக்கு தனி சிகிச்சை இருக்கு, அமெரிக்காவுல ஸ்ட்ரெங்த் அட் ஹோம்னு 12 வார குரூப், அதுல சேந்தவங்க கிட்ட வன்முறை குறைஞ்சுதுனு 2016ல வந்த ஆய்வுல இருக்கு. அத விட்டுட்டு புருஷன் பொண்டாட்டிய ஒண்ணா உக்கார வெச்சு கவுன்சிலிங் குடுத்தீங்கன்னா, அங்க வாய் தவறி சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டுக்குப் போனதும் அடி விழும்.

நான் கேக்குறது முடியாத விஷயம் இல்ல. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறை 2014லயே இதுக்குனு ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. அங்க கேக்குறது அஞ்சே கேள்வி: போன ஒரு வருஷத்துல உங்க துணை அடிச்சாரா, அவமானப்படுத்தினாரா, மிரட்டினாரா, கத்தி திட்டினாரா, விருப்பம் இல்லாம உறவுக்கு கட்டாயப்படுத்தினாரா. இதோட கழுத்த நெரிச்சத தனியா கேளுங்க. ஆணோ பெண்ணோ எல்லார் கிட்டயும் கேளுங்க, கூட வந்தவங்கள வெளிய அனுப்பிட்டு கேளுங்க, எல்லாருக்கும் இதான் ரூல்னு சொல்லிட்டா யாருக்கும் சந்தேகம் வராது. அவங்க சொன்னத ஆன்லைன் ரிப்போர்ட்ல வராத இடத்துல எழுதுங்க. சொன்னா பென்ஷன் குறையாதுங்கற மாதிரி விதிய மாத்தி, அத பார்ம்லயே அச்சடிங்க. இல்லனு சொன்னா வற்புறுத்தாதீங்க, அடுத்த விசிட்ல மறுபடி கேளுங்க. ஆமானு சொன்னா உடனே பேச ஒரு சமூகப் பணியாளர் அதே கட்டடத்துல இருக்கணும், போன் நம்பர் எழுதின சீட்ட கையில குடுத்து அனுப்புறது போதாது, அந்த சீட்டு அடிக்கிறவர் கண்ணுல பட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்த தடவ தலைக்காய பார்ம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல அடிபட்டுச்சா, கழுத்த நெரிச்சாங்களானு கேக்குற வரிய சேத்துடுங்க, எப்ப சேக்குறீங்கனு எழுத்துல பதில் குடுங்க.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களோட வேலை பாக்குற ஒருத்தி