மச்சான், அன்னைக்கு நீங்க குடிக்கல

மச்சான்,

போன ஞாயித்துக்கிழமை உங்க மூத்தவன் கடைக்கு வந்தான். போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டணும்னு வந்தவன், ஒட்டி முடிச்ச பிறகும் கிளம்பாம ஸ்டூல்லயே உக்காந்து இருந்தான், நானும் பிளஸ் டூ ரிசல்ட் கவலை போலன்னு விட்டுட்டேன். கடையில ஆளு யாரும் இல்லாத நேரமாப் பாத்து தலையத் தூக்காமலே கேட்டான், "மாமா, அன்னைக்கு மலையில அப்பா குடிச்சிருந்தாகளா?"

எனக்கு கை அப்படியே நின்னுபோச்சு. அவனுக்கு அப்ப 10 வயசு. அவன உங்க தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடுனது நீங்க. இப்ப அவனே அதைக் கேக்குறான்னா, இந்த 7 வருஷமா அவன் காதுல என்னென்ன விழுந்திருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன், அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

நேர்ல வந்து சொல்ல வேண்டியதை ஏண்டா ஊருக்கே படிக்குற மாதிரி எழுதுறன்னு அக்கா கேக்கும். நேர்லயும் வருவேன். ஆனா அந்தப் பேச்சு வீட்டுக்குள்ள பேசுன பேச்சு இல்லையே மச்சான், படகு நிக்குற ஜெட்டியில பேசுனாக, ஐஸ் கம்பெனி வாசல்ல பேசுனாக, பாலம் தாண்டி மண்டபம் வரைக்கும் போச்சு. அதை உங்க காதுல மட்டும் ரகசியமா மறுத்தா அது மறுத்ததா ஆகுமா? அதான் இங்க எழுதுறேன், எல்லாரும் படிக்கட்டும். 2019 மே 25 ராத்திரி என் மச்சான் ஒரு சொட்டு குடிக்கல. குடிய விட்டு அப்பவே மூணு வருஷம் ஆச்சு. அவர் கால் போனது என்னால.

இத எழுதிட்டேன். இனி மத்தது.

உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். டென்ட் போட அந்த இடத்தை நான் ஏன் புடிச்சேன்னு நீங்க கேக்கவே இல்ல, யாரும் கேக்கல. அதுக்கு முந்துன வருஷம், 2018 மார்ச் 11, தேனிப் பக்கம் குரங்கணி மலை. மலையேறப் போன கூட்டம் காட்டுத்தீயில சிக்கி 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க, டிவியில பாத்துட்டே இருந்தோமே. எனக்கு மலைன்னாலே தீ பயம்தான் மனசுல இருந்துச்சு. கொடைக்கானல் பக்கம் தாண்டிக்குடிக்குக் கீழ அந்தக் காபித் தோட்டத்தைப் பாத்தப்ப, பள்ளத்தாக்கு அடியில ஓடை, ஓடையை ஒட்டி பாய் விரிச்ச மாதிரி சமமா மணல், அஞ்சு டென்டும் வரிசையா நிக்கும், தீ வந்தாக்கூட பக்கத்துலயே தண்ணி இருக்குன்னு நெனச்சேன். 26 வயசு, மொத தடவையா நானே ஆள் சேத்துக் கூட்டிட்டுப் போறேன், உங்க மூணு பேர் போக 11 பேரு, ஆளுக்கு 1,200 ரூபா. எல்லாரையும் பத்திரமாக் கொண்டாந்து சேக்கணும்னுதான் நெனச்சேன் மச்சான். இது சாக்கு இல்ல. சாக்காவும் இருக்கலாம், எனக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியல.

அந்த மணல் ஏன் அவ்ளோ சமமா இருந்துச்சுன்னு இப்பதான் புரியுது. தண்ணி வந்து வந்து போய்ப் போட்ட மணல் அது.

நீங்க வேன்லேந்து இறங்குன உடனே அதைப் பாத்துட்டீங்க. உங்களுக்கு அதுவரைக்கும் மலையே தெரியாது, பாம்பன் பாலத்தைத் தாண்டுனா உங்களுக்கு ஒரு கல்யாணம் இல்லைன்னா ஒரு கேதம், அவ்ளோதான். மத்தவங்க எல்லாம் சில்வர் ஓக் மரத்துல ஏறியிருந்த மிளகுக்கொடி முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு இருந்தப்ப நீங்க மட்டும் ஓடைக்கரையில ஒரு உன்னிச்செடிக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருந்தீங்க. செடியில உங்க இடுப்பு உயரத்துக்கு காஞ்ச சருகு, குச்சி, ஒரு கிழிஞ்ச சாக்குத் துண்டு, எல்லாம் ஒரே பக்கமா சீவிவிட்ட மாதிரி சிக்கியிருந்துச்சு. அதைக் கையில எடுத்து உதுத்துப் பாத்துட்டு என்கிட்ட கேட்டீங்க, "இது எப்படிரா இவ்ளோ ஒசரத்துல வந்துச்சு?"

நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரையும் கூப்பிட்டு, "மச்சானுக்கு இங்கயும் அலை வரும்னு பயம்"னு சத்தமா சொன்னேன். 11 பேரும் சிரிச்சாங்க. உங்க மகனும் சிரிச்சான். நீங்களும் லேசா சிரிச்சுட்டு கையில இருந்த மண்ணைத் தட்டிவிட்டு எந்திரிச்சீங்க. அப்புறம் டென்ட் ஆணி அடிக்கிறப்ப என் பக்கத்துல வந்து, யாருக்கும் கேக்காம, "தண்ணி ராத்திரியிலதாண்டா வரும், அப்பத்தா சொல்லும்"னு மட்டும் சொன்னீங்க. 64 புயல்ல தனுஷ்கோடியிலேந்து கையில ஒரு புள்ளையோட தப்பிச்சு வந்த மனுசி சொன்ன வார்த்தை. நான் அதுக்கும் சரி சரின்னு தலையாட்டிட்டு அடுத்த ஆணிய அடிச்சேன்.

நான் சிரிச்சதை என்னால மன்னிக்க முடியல. கால் கூட அப்புறம்தான்.

அன்னைக்கு ராத்திரி எங்களுக்கு மேல ஒரு தூறல் கூட இல்ல. மேக்கால மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் மின்னிக்கிட்டே இருந்துச்சு. கோடை மழை அப்படித்தான், மேல எங்கயோ ஒரு மணி நேரம் கொட்டும், அந்தத் தண்ணி பள்ளத்தைத் தேடிக் கீழ வந்து சேரும்போது கீழ இருக்குறவன் வானத்துல நட்சத்திரம் பாத்துட்டு இருப்பான். இதெல்லாம் நான் அதுக்கப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. தண்ணியிலேந்து 200 அடியாவது தள்ளித்தான் டென்ட் போடணும், ஓடைத் தண்ணி கலங்குனாலோ இலையும் குச்சியும் மெதந்து வந்தாலோ பொருளையெல்லாம் போட்டுட்டு மேட்டுக்கு ஏறணும். ராத்திரியில குளுந்த காத்து கனமா எறங்கி பள்ளத்தாக்கு அடியிலதான் தங்கும், அதனால கீழ படுத்தா மேட்டுல படுத்ததைவிட குளிரும் அதிகம். நான் புடிச்ச இடம் எல்லா விதத்துலயும் தப்பான இடம்.

நீங்க தூங்கவே இல்ல. துண்டைப் போத்திட்டு வெளிய உக்காந்திருந்தீங்க. 12 மணி வாக்குல நான் ஒரு தடவ எந்திரிச்சப்ப, "கடல்ல இருட்டுன்னா மேல வானம் இருக்கும், இங்க மேலயும் இல்லையேடா"ன்னு சொன்னீங்க, மரத்தைக் காட்டி. அதுதான் அந்த ட்ரிப்புல நாம சரியாப் பேசுன ஒரே பேச்சு.

ரெண்டு மணிக்கு மேல உங்க சத்தம் கேட்டு எந்திரிச்சா ஓடை சத்தமே மாறிப்போயிருந்துச்சு. சலசலன்னு இருந்தது போயி அடியில கல்லு உருண்டு மோதுற சத்தம், தரையில காது வச்சா நெஞ்சுக்குள்ள கேக்குது. "நீவாடு மாறிருச்சு, எல்லாரும் மேல ஏறுங்கடா"ன்னு நீங்க கத்துறீங்க. கடல்காரங்க பேச்சுல நீவாடுன்னா தண்ணி ஓட்டம். புள்ளைங்க படுத்திருந்த டென்ட்டோட ஜிப்புல மணல் ஏறி மாட்டிக்கிச்சு, உள்ள மூணு புள்ளைங்க, நான் ஜிப்பைப் புடிச்சு இழுத்துட்டே இருக்கேன், நீங்க என்னைத் தள்ளிவிட்டுட்டு இடுப்புல இருந்த வலைக் கத்திய எடுத்து ஒரே இழுப்பு, மேலேந்து கீழ வரைக்கும். மூணு பேரையும் ரெண்டு தடவையாத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறுனீங்க. எல்லாரும் மேல வந்துட்டாங்க. எண்ணிக்கூட பாத்தோம், என்னைத் தவிர 14.

அதோட முடிஞ்சிருக்கணும். முடியாததுக்கு காரணம் நான். பை கீழ இருக்குன்னு ஞாபகம் வந்து நான் எறங்குனேன். அதுல மிச்சப் பணம் 9,400 இருந்துச்சு. "டேய் வேணாம்"னு நீங்க சொன்னது கேட்டுச்சு, கேக்கலைன்னு இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், கேட்டுச்சு. முழங்கால் தண்ணியில பையத் தூக்கிட்டுத் திரும்புறேன், என் பின்னாடியே நீங்க. என்னைப் புடிச்சு கரைக்குத் தள்ளுன அதே நேரத்துல உருண்டு வந்த கல்லு உங்க கணுக்கால்ல. நீங்க கத்தல. "பையனப் பாரு"ன்னு மட்டும் சொன்னீங்க.

பை நனையவே இல்ல மச்சான்.

விடியுற வரைக்கும் ஜீப் வரல, உங்களுக்கு உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பிச்சுச்சு. கூட வந்ததுல ஒருத்தர் கொண்டுவந்திருந்த பிராந்திய எடுத்து சூடு வரட்டும்னு உங்க கால்லயும் உள்ளங்கையிலயும் தேய்ச்சாங்க. யாருன்னு எழுத மாட்டேன், அவங்க வீட்டுல இத படிப்பாங்க, அவங்க நல்ல மனசோடதான் செஞ்சாங்க. அந்த வாசம்தான் உங்க கைலியில ஏறுனது. மதுரையில ஆஸ்பத்திரி வாசல்ல அம்மா வந்து எறங்குன உடனே மூக்கைச் சுளிச்சுக்கிட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டுச்சு, "அவுக திரும்பப் போட்டுட்டாகளா?"

இல்லைன்னு ஒரு வார்த்தை. நான் சொன்னது, "விடும்மா, இப்ப எதுக்கு அது."

அவ்ளோதான் மச்சான், அந்தப் பேச்சு முழுக்க அதுலேந்து கிளம்புனதுதான். நான் பொய் சொல்லல, உண்மையச் சொல்லாம விட்டேன், எல்லாரும் மிச்சத்தை அவங்களே போட்டுக்கிட்டாங்க. இல்லைன்னு சொல்லியிருந்தா அடுத்த கேள்வி, அப்ப எப்படி விழுந்தாக? அதுக்கு நான் பையப் பத்திச் சொல்லணும். அக்கா அந்த பெஞ்சுல உக்காந்திருக்கு, கழுத்துல தாலிக்கயிறத் தவிர ஒண்ணும் இல்லாம. என்னால முடியல.

ஆனா ஒண்ணு கேக்கணும், கோவமாவே கேக்குறேன். நீங்க ஏன் சொல்லல? உங்க வாயில என்ன இருந்துச்சு? "வழுக்கிருச்சு"ன்னு நீங்களா ஒரு கதையச் சொல்லி என்னைக் காப்பாத்துனீங்களே, நான் கேட்டேனா? அதுக்கப்புறம் ஒவ்வொரு நல்ல நாளுக்கும் என்னைப் பக்கத்துல உக்காரவச்சு குழம்புல நடுத்துண்ட எடுத்து என் தட்டுல வைக்குறீங்க, அதை எப்படி முழுங்குறேன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கன்னத்துல அறைஞ்சிருந்தா நான் அன்னைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரி செலவுக்குன்னு நான் கொடுத்த 20,000த்தையும் மஞ்சப்பையில சுத்தி அக்கா கையில திருப்பிக் கொடுத்துவிட்டீங்க. கடனையும் அடைக்க விடல, தப்பையும் சொல்ல விடல. நீங்க நல்லவராவே இருந்துட்டீங்க, நான் என்ன ஆகுறது?

சரி. இத அழிக்கணும்னு தோணுது, அழிக்க மாட்டேன்.

அந்த வருஷம் ஜூன் 15 மீன்புடி தடை முடிஞ்சு போட் எல்லாம் கிளம்புன அன்னைக்கு நீங்க திண்ணையில மாவுக்கட்டோட உக்காந்திருந்தீங்க. அறுபத்தோரு நாள் காத்திருந்து போற மொதப் பாடு, இறால் படுற நேரம். ஓனர் வேற டிரைவரைப் போட்டுட்டாரு, வாங்குன அட்வான்ஸை அக்கா தோட்டை வச்சுத் திருப்பிக் கொடுத்துச்சு. விசைப்படகுல 15 வருஷம் ஸ்டியரிங் புடிச்ச கை, இப்ப பங்குக்குப் போற வல்லத்துல, ஒரு சின்ன நாட்டுப்படகுல, நண்டு வலை வளைக்குது. வல்லத்துக்குத் தடையும் கிடையாது, அதனால உங்களுக்கு தடைக்காலம்னு ஒரு லீவும் இல்லாமப் போச்சு. நிவாரணம் வாங்குற லிஸ்ட்டுலயே ஒரு சிக்கல், அது குடும்ப விஷயம், இங்க வேணாம்.

அந்தத் திண்ணையில உக்காந்துதான் நீங்க அந்த டென்ட்டைத் தைச்சீங்க. வாடகைக் கடையில கிழிஞ்சதுக்கு காசு புடிச்சுட்டாங்கன்னு நான் வந்து புலம்புனேன், உங்க முன்னாடியே, எனக்கு எப்படி வாய் வந்துச்சுன்னு தெரியல. நீங்க ஒண்ணும் பேசாம, "கொண்டா"ன்னு வாங்கி வலை ஊசியில நைலான் கோத்து, வலைக்குப் போடுற முடிச்சாவே போட்டு, மேலேந்து கீழ வரைக்கும். ரெண்டு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு. அந்த டென்ட்டை நான் கடைக்குத் திருப்பிக் கொடுக்கல, காசு கொடுத்து வாங்கிட்டேன். இத்தனை வருஷமா எந்த ட்ரிப்புக்கும் எடுத்துட்டுப் போகல. போன மாசம்தான் மாடியில விரிச்சு பைப்புல தண்ணி அடிச்சுப் பாத்தேன். முடிச்சு எதுவும் விடல, தையல் ஓட்டையில மட்டும் லேசா கசியுது, டேப் ஒட்டணும்.

போன மாசம் தாண்டிக்குடிக்கும் தனியாப் போனேன், அக்காகிட்ட மதுரைக்கு ஸ்பேர் வாங்கப் போறேன்னு சொன்னது பொய். அந்த உன்னிச்செடி இருக்கு மச்சான். இப்ப சருகு சிக்கியிருக்குறது என் நெஞ்சு உயரத்துல. ஓடையில அன்னைக்கு கணுக்கால் தண்ணிதான், கீழ மருதாநதி அணைக்குப் போற தண்ணின்னு தோட்டத்துக்காரர் சொன்னாரு, இத்தனை வருஷம் அது எங்க போகுதுன்னு கூட நான் கேட்டதில்ல. மேல, பலா மரத்துக்குப் பக்கத்துல ஒரு மேடு இருக்கு. ஓடையிலேந்து எண்ணிட்டு வந்தேன், 130 எட்டு. சரிவு இருக்கு, ஆனா மண்ணு கெட்டியா இருக்கு. பக்கத்துல பட்ட மரமோ காஞ்ச கிளையோ இல்ல, அண்ணாந்து பாத்துட்டேன். காட்டுமாடு வர்ற தடம் அந்தப் பக்கம் கிழக்கால இருக்கு, வேலி போட்டிருக்காரு.

உங்க மூத்தவனுக்கு நான் பதில் சொல்லிட்டேன். ஸ்டூல்ல அவனுக்கு எதுத்தாப்புல உக்காந்து, பையப் பத்தியும் சேத்தே சொன்னேன். அவன் ரொம்ப நேரம் என் மூஞ்சியப் பாக்கல. கிளம்புறப்ப, "என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க"ன்னான். நான் உங்கப்பா வந்தாத்தான்னு சொல்லிட்டேன். அவன்தான் இதை உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவான், நடுவுல நிறுத்தச் சொல்லாதீங்க.

ஜூன் 5 வெள்ளிக்கிழமை வெள்ளன நாலு மணிக்கு வேன். எட்டுப் பேருதான், யாருகிட்டயும் காசு வாங்கல. கீழேந்து மேடு வரைக்கும் ஜீப் போக வழி இருக்கு, உங்க கால் நடக்க வேண்டியது ஜீப்பிலேந்து ஒரு 40 அடி, அதையும் நடந்து பாத்துட்டேன். டென்ட் எங்க போடணும்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. பலா மரத்து மேடும் வேணாம்னு சொன்னா அப்படியே வண்டியத் திருப்பிருவோம்.

அந்த வாரம் நண்டு நல்லா படுற வாரமா இருந்து வர முடியலைன்னா, அக்காகிட்ட சொல்லிவிட வேணாம். நீங்களே போன் பண்ணுங்க, திட்டுறதுக்காவது.

உங்க மச்சினன்