அதிமதுரத்தை அடித்த பேனாவுக்கு

போன வாரம் அப்பா தானே கீழே இறங்கிப் போய்த் தமிழ் முரசு வாங்கி வந்தார். இரண்டு வருடமாக நடக்காத காரியம். நன்றி சொல்ல இதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை.

அப்பாவுக்கு ஹெப்படைடிஸ் பி முற்றி, கல்லீரல் சுருங்கிப்போன சிரோசிஸ். வயிற்றில் நீர் கோத்து இடுப்பில் கைலி நிற்காது. ஒருநாள் ராத்திரி கழிவறை என்று நினைத்துச் சமையலறை அலமாரியைத் திறந்துகொண்டு நின்றார். வயசு மறதி என்றிருந்தோம். வார்டில் தாதி ஒருவர், "கார நிறுத்துற போலீஸ் மாதிரி ரெண்டு கையும் நீட்டுங்க அங்கிள்" என்றார். கைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. கல்லீரல் கழிக்காமல் விட்ட அம்மோனியா மூளையைக் குழப்புகிறதாம். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கியைக் குடித்து நாளைக்கு இரண்டு மூன்று தடவை வெளியே போகவேண்டும் என்பதை அப்பா கூசாதபடி சொன்ன அந்தத் தாதிக்கு முதல் நன்றி.

அடுத்தது மூன்றாம் மாடி சீன ஆன்ட்டிக்கு. 'கல்லீரலுக்கு நல்லது' என்று தெரிந்தவர் கொடுத்த பொடியின் சீன எழுத்தைப் படித்தவர் அவர்தான். ஹோ ஷோ வூ! முடி கறுக்கச் சாப்பிடுவது. கல்லீரலையே கெடுத்த சங்கதிகளும் உண்டு. பொட்டலம் குப்பைக்குப் போனது. ஆன்ட்டி எங்களைத் தன் சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், அழைத்துப் போனார்.

சின்சே நாக்கைப் பார்த்தார், இரு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டார். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 50,000கூட இல்லை. கால் குரக்குவலிக்கு ஊசி குத்தச் சொல்லி அப்பா கெஞ்சியும், ரத்தம் நிற்காது என்று மறுத்துவிட்டார். மூலிகைகளை எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நிறுத்தி, அடித்தார். கான் சாவ். நம்ம அதிமதுரம்தான்! சீனக் கஷாயங்கள் பலவற்றில் அது இருக்கும். அம்மா இருமலுக்குக் கொடுப்பதும் அதுவே. ஆனால் அது உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தை இறக்கும். ஆஸ்பத்திரி மாத்திரை ஸ்பைரோனோலாக்டோன் நீரை இறைக்க, இது குழாயைத் திறந்துவிடும்.

அந்தச் சீட்டைப் பயந்துகொண்டேதான் டாக்டரிடம் நீட்டினேன். அவர் திட்டவில்லை. மருந்தாளரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை போட்டார். ஹெப்படைடிஸ் கிருமியை அடக்கும் என்டெகாவிர் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்றார். சின்சேயும் அதையேதான் சொல்லியிருந்தார். சீனாவில் பல ஆஸ்பத்திரிகளில் இரு வைத்தியமும் ஒரே கூரைக்கடியில். இங்கே இருவரும் சந்தித்ததே நான் எல்லாவற்றையும் குறித்துவைக்கும் பச்சை நோட்டுப்புத்தகத்தில்தான்.

எது வேலை செய்தது என்று கேட்கிறார்கள். நீரை இறக்கியது மாத்திரையும் அம்மாவின் உப்பில்லாச் சமையலும். பசி வந்தது கஷாயத்துக்குப் பிறகு. கஷாயத்தால்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

ஆன்ட்டி, உங்கள் கஷாயப் பானை எங்களிடம்தான் இருக்கிறது. மூன்று தடவை கழுவிவிட்டோம், வாசம் போகமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவே கொண்டுவந்து கொடுப்பார்.