நூலக வாசலில் ஒட்டிய அறிவித்தலை மாற்றித் தருமாறு கோரும் மனு

செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை,
மட்டக்களப்பு மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொது நூலகத்தில் தனியே விடப்படும் சிறுவர்களும் வாசகர் ஒழுங்கும் தொடர்பாக

கல்முனை வீதியோரம் உள்ள தங்கள் சபையின் பொது நூலகத்தில் ஆறு வருடங்களாக அங்கத்துவம் பெற்றிருப்பவள் நான். “12 வயதிற்குட்பட்டோர் பெற்றோரின்றி உள்ளே வர அனுமதி இல்லை” என்றொரு அறிவித்தல் மூன்று வாரங்களாக அந்நூலக வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை மாற்றித் தருமாறு கேட்கவே இம்மனுவை எழுதுகிறேன். அந்த அறிவித்தல் வரக் காரணமானவர்களில் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நூலகத்துக்கு எதிரே தனியார் வகுப்பு நடக்கிறது. என் மூத்த மகன் அங்கே புலமைப்பரிசில் வகுப்புக்குப் போகிறான். அவனை அங்கே விட்டுவிட்டு, ஆறு வயது மகளை நூலகத்தில் இருத்தி, “படம் பார்த்துக்கொண்டிரு, அம்மா இப்போது வந்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டு அலுவல் பார்க்கப் போவது என் வழக்கமாகிவிட்டிருந்தது. கடந்த மாதம் ஒருநாள் மட்டக்களப்பு நகருக்குப் போனேன். திரும்பும்போது அடைமழை, பஸ் வரவில்லை. அண்ணன்காரன் வகுப்பு முடிந்து மாமாவோடு வீட்டுக்குப் போய்விட்டான். தங்கை என்னுடன் இருப்பதாகவே அவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஐந்தரைக்கு மூடவேண்டிய நூலகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறே முக்கால்.

ஒரேயொரு மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைச் சேர்த்துப் போட்டதில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நூலக உத்தியோகத்தர் அவளுடைய ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றதை அலுமாரிக்குக் கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருடைய கடைசி பஸ் ஆறு பத்துக்கே போய்விட்டது. “பசிக்கிறது என்றாள், பிஸ்கட் கொடுத்திருக்கிறேன்” என்றதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். முச்சக்கரவண்டிக்குக் காசு கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. வகுப்பு நடக்கும் நாட்களில் நான்கைந்து சிறு பிள்ளைகளாவது அப்படி விடப்படுகிறார்கள். ஒருநாள் ஒரு பொடியன் தட்டிலிருந்த புத்தகங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தில் அடுக்கி, கதவிலிருந்து உசாத்துணைப் பகுதி வரை கொழும்பு ரயில் விட்டான். பார்த்து நானும் சிரித்தேன். மறுநாள் உயர்தர மாணவி ஒருத்தி பொருளியல் நூலொன்றைத் தேடித் தேடிக் களைத்துப்போனாள், அது 894.811 என்று இலக்கமிட்ட தமிழ் இலக்கியத் தட்டில் கிடந்தது. தட்டு மாறிய புத்தகம் தொலைந்த புத்தகந்தான். இன்னொரு நாள் ஐந்து வயதுப் பிள்ளையொன்று கேற்றைத் தாண்டி வீதிக்கே இறங்கிவிட்டது. பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் வீதி அது. வாசலில் கச்சான் விற்கும் ஐயா ஓடிப்போய்ப் பிடித்திருக்காவிட்டால் இந்த மனுவின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

ஆகவே ஏதாவது செய்யவேண்டும் என்று நூலகத்தார் நினைத்ததில் தவறில்லை. அவர்கள் கையில் சபை வேறெந்த ஒழுங்கையும் கொடுக்கவில்லை. ஒரு தாளும் பசையும்தான் மிஞ்சின. ஆனால் அந்தத் தாள் தடுத்து நிறுத்தியது யாரை? மோட்டார் சைக்கிளில் வந்து பிள்ளையை இறக்கிவிட்டுப் போன எங்களையல்ல. நாங்கள் வேறு இடம் தேடிக்கொண்டோம். தாமாகவே நடந்து வந்து வாசித்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளே நின்றுபோனார்கள்.

வாவிக்கரைப் பக்கமிருந்து பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வருவாள். தாய் குவைத்தில், வளர்ப்பது நடக்க முடியாத அம்மம்மா. குழாயடியில் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். பதிவுத் தட்டுக்கு அருகே நிலத்தில் அமர்ந்து, உதடு மட்டும் அசைய வாசிப்பாள். அவளால் ஒரு நாளும் எவருக்கும் இடைஞ்சல் இருந்ததில்லை. போன சனிக்கிழமை கேற்றுக்கு வெளியே நின்று, இரவல் வாங்கிய புத்தகத்தைக் கம்பிகளுக்கிடையால் நீட்டிக் கொடுத்துவிட்டு, வேறொன்று கேட்காமலே திரும்பிப் போனாள். அந்த வாசலில் எத்தனையோ அறிவித்தல்கள் தொங்குகின்றன. ஒன்றுக்கேனும் கீழ்ப்படிந்தவளாக நான் பார்த்தது அவளைத்தான்.

அறிவித்தல் ஒட்டப்பட்ட சுவரில், அதற்கு நேர் மேலே, விபுலாநந்த அடிகளின் படம் இருக்கிறது. கல்லடி உப்போடையில் பிள்ளைகளுக்காகச் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவர் அவர். இடமாவது மாற்றி ஒட்டியிருக்கலாம். ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் என்று சபையே இதே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சான்றிதழ் கொடுத்தது. நவம்பரில் வாசலை மூடியது. யுனெஸ்கோவின் 1994ஆம் ஆண்டுப் பொது நூலக அறிக்கை, வயது பாராமல் எல்லோருக்கும் சமமான சேவை என்கிறது. நூலகத்தின் பணிகளில் முதலாவதாகச் சிறு வயதிலிருந்தே வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்குவதைச் சொல்கிறது.

ஒழுங்கீனம் என்று பார்த்தால் பெரியவர்களையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை வரும் அரச வர்த்தமானியின் வேலை வெற்றிடப் பக்கங்கள் திங்களன்று பிளேடால் வெட்டப்பட்டிருக்கும். பத்திரிகைப் பகுதியில் ஒருவர் கட்டாரிலுள்ள மகனுடன் ஒலிபெருக்கியைப் போட்டே பேசுவார். அங்கே அன்று என்ன சமையல் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பரீட்சைக் காலத்தில் காலையிலேயே பையை வைத்துக் கதிரை பிடித்துவிட்டு மாலையில் வந்து உட்காருவோரும் உண்டு. இவர்கள் எவரும் 12 வயதிற்குட்பட்டவர்கள் அல்லர்.

நான் கேட்பது இதுதான். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்கவேண்டும். வாசலில் இறக்கிவிட்டுப் போவது கூடவே கூடாது. என்னைப் போன்றவர்களுக்கு இது கசக்கும், கசக்கட்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தனியே வரலாம். பாதுகாவலரின் சம்மதமும் இரண்டு தொலைபேசி இலக்கங்களும் அங்கத்துவப் படிவத்தில் இருந்தால் போதும். உபவிதியாக வர்த்தமானியில் வரக் காலமெடுக்கும் என்றால், அதுவரை ஒரு சபைத் தீர்மானம் போதுமானது.

மூடும் நேரத்துக்குப் பிறகும் எவரும் வராத பிள்ளையை என்ன செய்வது என்பதை எழுத்தில் கொடுங்கள். அந்த முடிவு தனியாக நிற்கும் ஒரு பெண் உத்தியோகத்தரின் தலையில் விழக்கூடாது. பணியாளர் இருவர் நிற்கவேண்டும், அந்த நேரத்துக்குரிய மேலதிகக் கொடுப்பனவு கிடைக்கவேண்டும். அரை மணிக்குள் தொடர்பு கிடைக்காவிட்டால் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்துக்கோ 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கோ அறிவிக்கவேண்டும். அடிக்கடி அப்படி விடும் வீடுகளுக்குப் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருமுறை போய்வந்தால் நல்லது. என் வீட்டுக்கும் வரலாம்.

தொலைபேசியில் பேச விறாந்தையில் ஓரிடம் ஒதுக்கலாம். வர்த்தமானியை மேசையில் போடாமல், அங்கத்துவ அட்டையைப் பெற்றுக்கொண்டு கையில் கொடுக்கலாம். அடுத்த ஆண்டுக்கான பாதீடு சபைக்கு வரும் காலம் இது. சிறுவர் பகுதிக்கு நான்கு பாயும் ஒரு மரத் தடுப்பும் சேர்த்துக்கொண்டால் சபைக்குப் பெரிய செலவாகாது. சனிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் கதை சொல்லத் தாய்மாரில் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இவையெல்லாம் தீர்மானமாக நாட்களாகும் என்பது விளங்குகிறது. அதுவரை அந்தச் சிறுமியைச் சனிக்கிழமைகளில் என் பொறுப்பில் உள்ளே அழைத்துச் செல்ல அனுமதி தருமாறு பணிவுடன் கேட்கிறேன். அவளுடைய அம்மம்மா கைநாட்டு வைத்த சம்மதக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
நூலக அங்கத்தவரும் தாயுமான ஒருத்தி
(ஒப்பமும் அங்கத்துவ இலக்கமும் இணைப்பில்)

பிரதிகள்:
உள்ளூராட்சி உதவி ஆணையாளர், மட்டக்களப்பு
நூலகர், பொது நூலகம்