மூன்று பேரையும் அனுப்புகிறேன்

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. திருவிழாவுக்கு நீ வரவில்லை என்று நெட்டையன் இன்னும் புலம்புகிறான். உன் பங்குக்கும் சேர்த்து அவன்தான் காவடிக்கு உருமி அடித்தானாம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

விஷயம் உன் அக்கா மகனைப் பற்றியது. கோலாலம்பூரில் ஒரு ஸ்டூடியோக்காரர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். பையன்கள் மூன்று பேரும் சேர்ந்து போட்ட பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார். ஆனால் அவருக்கு வேண்டியது குரல் மட்டும்தானாம். வரி எழுதுகிற பையன், நம்ம கண்ணாடியும் வேண்டாம், கஹோன் என்கிற தாளப் பெட்டி தட்டுகிற சின்னவனும் வேண்டாம். அடுத்த பாட்டுக்கு மெட்டு, பீட், வரி எல்லாம் தயாராக இருக்கிறது, வந்து பாடினால் போதும் என்கிறார். அக்கா சந்தோஷத்தில் ஒட்டுக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தே தாரே வாங்கிக் கொடுத்தார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

அந்தப் பாட்டு உருவானபோது நான் கூடவே இருந்தேன் மச்சான். லோரிப் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற அதே அறைதான். உன் மருமகனுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது உனக்குத் தெரியும். சரணத்தில் மூன்று வரி பாடினால் நாலாவதுக்கு மூச்சு நிற்காது. சின்னவன் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது வரி முடிந்ததும் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டான். இரண்டு தட்டு நேரம் ஒரு சத்தமும் இல்லை. இவன் மூச்சை வாங்கிக்கொண்டு மேலே ஏறினான் பார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடும்போது, அந்த இடம் வந்தால் அவர்களும் நிறுத்துகிறார்கள்.

கண்ணாடி இன்னும் கறார். இவன் பல்லவியை "மலரே" என்று ஆரம்பித்திருந்தான். அவன் பென்சிலை எடுத்து அடித்துவிட்டு, "நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல எவன்டா மலரேன்னு கூப்பிட்டான்?" என்றான். அங்கே தன் பாட்டி பால்மரக் காட்டுக்குத் தூக்கிப் போன வாளியைக் கொண்டுவந்து வைத்தான். உன் மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அந்த வரியைப் பாடினான். யார் யாரைத் திருத்தினார்கள் என்று இன்று கேட்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் பாட்டில் நிற்பது அதுதான்.

ஸ்டூடியோக்காரர் அதே பாட்டைச் சீர்செய்து மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருக்கிறார். அந்த இரண்டு தட்டு இடைவெளியில் கீபோர்டைப் போட்டு அடைத்துவிட்டார். மூச்சு வாங்கும் சத்தத்தையும் வெட்டிவிட்டார். சுத்தமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம் போல இருக்கிறது.

நீ எம்.எஸ்.வி. பைத்தியம், உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். 1952இல் 'பணம்' படத்தில் சேர்ந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை ஒன்றாக இசையமைத்தார்கள். ஒருவர் ஆர்மோனியம், ஒருவர் வயலின். பிரிந்த பிறகு எம்.எஸ்.வி. இன்னும் எத்தனையோ படம் செய்தார், பெரிய வெற்றி பெற்றார், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய பாட்டுகளில் குரல் ஓய்ந்ததும் வயலின்கள் எழுந்து வருமே, அந்த அணைப்பு பிறகு வந்தவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை. நீ சண்டைக்கு வருவாய், வா. கவிஞரையும் எடுத்துக்கொள். கண்ணதாசனும் எம்.எஸ்.வி.யும் பிறந்த நாளும் ஒன்று, ஜூன் 24. இவர் ஆர்மோனியத்தில் மெட்டை வாசிக்க வாசிக்க அவர் வாய் வழியே வரி வந்து விழும். அப்படி உட்கார்ந்த இரண்டு பேரில் மெட்டு எங்கே முடிந்தது, சொல் எங்கே தொடங்கியது என்று யார் பிரிப்பது?

அவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டிலேயே ராப் பாடகர் யோகி பி இல்லையா? பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்தபோது ஆங்கிலம், மலாய், கான்டனீஸ், தமிழ் என்று நாலு மொழியும் கலந்து வந்தது, ஏனென்றால் கூட இருந்தவர்கள் அப்படி. பிறகு டாக்டர் பர்னும் எம்சி ஜெஸ்ஸும் சேர்ந்து நட்சத்ரா குழு ஆனபோது, 2006இல் 'வல்லவன்' ஆல்பம் வந்தது, நம் பிள்ளைகள் தமிழில் ராப் பாட ஆரம்பித்தார்கள். ஆள் அதே ஆள்தான். பக்கத்தில் நின்றவர்கள் மாறினார்கள், மொழியே மாறிவிட்டது.

காசு முக்கியமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அக்கா செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி அவனை வளர்த்ததை நானும் பார்த்தவன். ஆனால் ஒன்று கேள். நீ பூச்சோங்கிற்குப் போன பிறகு எனக்கு மெட்டு வராமல் இல்லை. யாருக்குப் பாடிக் காட்டுவது என்று தெரியவில்லை. நெட்டையன் எல்லாவற்றையும் நல்லா இருக்கு என்பான். நீதான் "ரெண்டாவது வரியில தூங்கிட்டேன்" என்பாய். அது இல்லாமல் கித்தாரை எடுக்கவே கை வரவில்லை. அந்த நிலை இந்தப் பையனுக்கு இந்த வயதிலேயே வரக் கூடாது.

அதனால் சனிக்கிழமை ஈப்போ ரயிலில் மூன்று பேரையும் ஏற்றிவிடுகிறேன். நீ கூட்டிக்கொண்டு போ. ஸ்டூடியோக்காரரிடம், மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பாடுவதை அரை மணி நேரம் கேட்கச் சொல். அதற்குப் பிறகும் குரல்தான் வேண்டும் என்றால் முடிவைப் பையனே எடுக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாளை நீ ஒரு தடவை படி. ஏற்கனவே போட்ட பாட்டில் வரி கண்ணாடியுடையது, மெட்டு மூவருடையது. அது எழுத்தில் இருக்க வேண்டும். பாட்டு எழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்களின் உரிமையைப் பார்க்கிற எம்.ஏ.சி.பி.யில் மூவர் பெயரையும் பதிந்து வைத்தால் பின்னால் ராயல்டி வரும்போது தகராறு இருக்காது. அந்தப் பாரத்தைப் பற்றி நீயே விசாரித்து வை, எனக்கு அங்கே ஆள் இல்லை.

சின்னவனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, தங்கச்சியிடம் மறக்காமல் சொல்.

உன் மச்சான்